மிரட்டல் குற்றம்தான், எத்தனை ஆண்டுக் குற்றம்?

2024 டிசம்பர் 4 அன்று காலை, நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் ஹில்டன் ஹோட்டலுக்கு வெளியே, யுனைடெட் ஹெல்த்கேர் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி பிரையன் தாம்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த தோட்டாக்களில் மூன்று சொற்கள் எழுதப்பட்டிருந்தன: டிலே, டினை, டிபோஸ் (தாமதி, மறு, பதவியிலிருந்து இறக்கு). முதல் இரண்டும் அமெரிக்கக் காப்பீட்டுதாரர்களுக்கு மிகவும் பழக்கமானவை. பணம் கேட்டால் முதலில் இழுத்தடிப்பார்கள், பிறகு கையை விரிப்பார்கள் என்பது அங்கே பல காலமாக உள்ள புகார். ரட்கர்ஸ் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஜே ஃபைன்மன் 2010-ல் எழுதிய புத்தகத்தின் தலைப்பே அந்த இரு சொற்களில்தான் தொடங்குகிறது. கொலை நடந்த அடுத்த வாரம், ஃபுளோரிடா மாநிலத்துப் பெண் ஒருவர் ப்ளூ கிராஸ் ப்ளூ ஷீல்ட் காப்பீட்டு நிறுவனத்துடன் தொலைபேசியில் பேசினார். அவருடைய கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருந்தது. பேச்சு முடியும் தறுவாயில் தோட்டாக்களில் இருந்த அதே மூன்று சொற்களைச் சொல்லி, அடுத்தது நீங்கள்தான் என்றார். போலீஸ் வீட்டுக்கு வந்தது. தன்னிடம் துப்பாக்கி இல்லை, செய்திகளில் அடிபடும் சொற்களைத்தான் சொன்னேன் என்று கூறி அவர் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் கைது செய்யப்பட்டார். பலரைச் சுட்டுக் கொல்லப்போவதாகவோ பயங்கரவாதச் செயலில் ஈடுபடப்போவதாகவோ மிரட்டிய குற்றம் அவர் மீது சுமத்தப்பட்டது. அதற்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு சிறை. ஜாமீன் தொகை ஒரு லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 85 லட்சம் ரூபாய். நாடு இன்று இருக்கும் நிலையைக் கருதினால் இந்தத் தொகை பொருத்தமானதே என்று நீதிபதி காரணம் சொன்னார்.

அந்தப் பெண் பேசியது சரி என்று யாரும் வாதாட முடியாது. ஒரு கொலையின் ஈரம் காயும் முன்னால், அதே தொழிலில் இருக்கும் ஊழியரிடம் அடுத்தது நீங்கள் என்று சொன்னால், கேட்பவருக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். போலீஸ் போய் விசாரித்ததும் சரியே. கேள்வி அதற்குப் பிறகு தொடங்குகிறது. சொல்லுக்கு எவ்வளவு தண்டனை? யாரைக் காப்பதற்காக அந்தத் தண்டனை? வன்முறை மிரட்டலைக் குற்றமாக்குவது அதைக் கேட்கும் மனிதரின் உடலையும் மன அமைதியையும் காப்பதற்காக. நிறுவனத்தின் பெயரையோ வசதியையோ காப்பது அதன் வேலை இல்லை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால் தண்டனை அளவு மீறிப்போகும். காக்கப்பட வேண்டிய ஊழியருக்கும் அதனால் ஒன்றும் கிடைக்காது. என் வாதம் இவ்வளவுதான். இதை நிறுவ ஃபுளோரிடாவின் சட்டப் புத்தகமே போதும்.

அந்த மாநிலத்தில் ஒருவர் உங்கள் எதிரே வந்து நின்று, இப்போதே உன்னை அடித்துவிடுவேன் என்று கையை ஓங்குகிறார். செய்துவிடுவாரோ என்று நீங்கள் நடுங்குகிறீர்கள். இதற்கு அதிகபட்சம் 60 நாள் சிறை. கையில் கத்தியோ துப்பாக்கியோ வைத்துக்கொண்டு அப்படி மிரட்டினால் 5 ஆண்டு. உண்மையாகவே அடித்துப் பெருங்காயம் விளைவித்தால் 15 ஆண்டு. கொலை என்ற வகைக்குள் வராத விதத்தில் ஒரு மனித உயிரைப் போக்கிய குற்றத்துக்கும் அடிப்படைத் தண்டனை அதே 15 ஆண்டுதான். எழுத்திலோ மின்னணுப் பதிவிலோ மிரட்டுவதைத் தண்டிக்கும், அந்தப் பெண் மீது பாய்ந்த 836.10 என்ற பிரிவு இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உயிரைப் போக்கியவரும் எலும்பை முறித்தவரும் நிற்கும் படியில் நிற்கிறது. துப்பாக்கியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து மிரட்டியவர் அதற்குக் கீழ்ப்படியில் இருக்கிறார். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். அமெரிக்க அதிபரைக் கொல்வேன் என்று மிரட்டினால் கூட்டாட்சிச் சட்டப்படி அதிகபட்சம் 5 ஆண்டு. மாநில எல்லை தாண்டித் தொலைபேசியிலோ இணையத்திலோ எவரையும் மிரட்டும் குற்றத்துக்கும் கூட்டாட்சிச் சட்டம் வைத்திருக்கும் பொதுவான அளவு 5 ஆண்டுதான். மாநிலச் சட்டமும் கூட்டாட்சிச் சட்டமும் வெவ்வேறு கைகள் எழுதியவை, ஒப்பிடக் கூடாது என்று சொல்லலாம். ஆனால் சிறையில் கழிக்கும் ஆண்டு ஒரே நீளம்தான். நாட்டின் அதிபருக்கு 5 ஆண்டு, காப்பீட்டு நிறுவனத்தின் தொலைபேசிக்கு 15 ஆண்டு என்ற கணக்கை எந்த நியாயத்தாலும் விளக்க முடியாது.

ஃபுளோரிடாவின் இந்தச் சட்டப் பிரிவு இப்படி வளர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. அது இரக்கத்துக்குரிய வரலாறு. 2018 பிப்ரவரி 14 அன்று ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட் ஊரில் ஒரு பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தத் துயரத்தின் சூட்டில் மாநிலச் சட்டமன்றம் பள்ளிப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் பகுதியாகத்தான் கூட்டத்தைச் சுடுவேன், பயங்கரவாதச் செயல் செய்வேன் என்று எழுத்தில் மிரட்டுவதும் இந்தப் பிரிவுக்குள் வந்தது. சமூக ஊடகப் பதிவுகளும் தப்பிவிடக் கூடாது என்று 2021-ல் வாசகம் மேலும் அகலமாக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தின் பெயரைப் போட்டு, நாளை துப்பாக்கியோடு வருகிறேன் என்று பதிவிடுபவரை மனத்தில் வைத்து எழுதிய சட்டம், கடைசியில் மருத்துவச் செலவுக்குப் பணம் கேட்டுப் பேசியவரிடம் வந்து நின்றது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிறர் பார்க்கக்கூடிய எழுத்து அல்லது பதிவு என்றுதான் சட்ட வாசகம் பேசுகிறது. தொலைபேசியில் வாய்விட்டுச் சொன்ன சொல் எப்படிப் பதிவாகும்? சேவைத் தரத்தை மேம்படுத்துவதற்காக என்று சொல்லி நிறுவனங்கள் எல்லா அழைப்புகளையும் ஒலிப்பதிவு செய்கின்றனவே, அதனாலா? அப்படியென்றால் அதே சொற்களை நிறுவனத்தின் கவுன்டரில் நேரில் நின்று சொன்னவர், தொலைபேசியில் சொன்னவரைவிடப் பல மடங்கு குறைந்த தண்டனைக்கு உரியவர் ஆகிறார். துயரத்தின் நடுவே அவசரமாக எழுதப்படும் சட்டங்களின் வழக்கமான கோளாறு இது. எழுதும்போது ஒரு முகம் கண்முன் நிற்கிறது. பிறகு வேறு முகங்கள் வந்து மாட்டிக்கொள்கின்றன.

உண்மையான மிரட்டலையும் கோபத்தில் வரும் மிகைப்பேச்சையும் பிரித்துப் பார்க்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் அரை நூற்றாண்டுக்கு மேலாக முயன்றுவருகிறது. 1966-ல் வாஷிங்டனில் நடந்த போர் எதிர்ப்புக் கூட்டத்தில் 18 வயது இளைஞர் ஒருவர், ராணுவத்துக்கு இழுத்துக் கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் முதலில் அதிபர் ஜான்சனைத்தான் குறிவைப்பேன் என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்தது. 1969-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முரட்டுத்தனமான அரசியல் மிகைப்பேச்சு அது, மிரட்டல் ஆகாது என்றது. நிபந்தனையோடு சொல்லப்பட்டது, சூழல், கேட்டவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதையெல்லாம் நீதிபதிகள் எடைபோட்டார்கள். 2023-ல் கொலராடோ மாநில வழக்கொன்றில் அதே நீதிமன்றம் இன்னொரு அளவுகோலையும் சேர்த்தது. கேட்டவர் பயந்தார் என்பது மட்டும் போதாது. தன் சொல் மிரட்டலாக எடுத்துக்கொள்ளப்படும் என்ற அபாயம் தெரிந்தும் பேசியவர் அதை அலட்சியம் செய்தார் என்பதையாவது அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்றது. இந்த அளவுகோலை வைத்தால் ஃபுளோரிடா அழைப்பில் ஏதோ ஒரு குற்றம் இருந்தது என்று வாதாட இடம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு கொலையின் சொற்களையே எடுத்து வீசியவர் அதன் விளைவை யோசித்திருக்க வேண்டும். ஆனால் அங்கிருந்து பயங்கரவாதத்துக்குப் போக நீண்ட தூரம் இருக்கிறது.

அந்தத் தூரம் எவ்வளவு என்பதைத் தாம்சன் கொலை வழக்கே காட்டிவிட்டது. குற்றம்சாட்டப்பட்ட லூயிஜி மஞ்ஜியோனி தான் குற்றவாளி இல்லை என்று வாதாடிவருகிறார். அவர் மீது நியூயார்க் மாநில அரசு கொலைக் குற்றத்தோடு பயங்கரவாதக் குற்றச்சாட்டையும் சேர்த்திருந்தது. 2025 செப்டம்பரில் நீதிபதி கிரகரி கேரோ பயங்கரவாதக் குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தார். பொதுமக்களை அச்சுறுத்தும் நோக்கமோ அரசின் கொள்கையை மாற்ற வைக்கும் நோக்கமோ இருந்தது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பது காரணம். கொலைக் குற்றச்சாட்டு நிற்கிறது. ஆக, ஒரு நிறுவனத்தின் தலைவரை நடுத்தெருவில் சுட்டுக் கொன்ற செயலுக்கே பயங்கரவாதம் என்ற பெயர் ஒட்டவில்லை. இன்னொரு நிறுவனத்தின் சேவைப் பிரிவில் பேசிய ஒரு வாக்கியத்துக்கு அந்தப் பெயர் எப்படி ஒட்டும்? பயங்கரவாதம் என்ற முத்திரையைக் கண்ட இடத்தில் குத்தும் பழக்கம் அமெரிக்காவுக்கு மட்டும் உரியது இல்லை என்பது இந்திய வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி, யாரைக் காப்பது என்ற கேள்விக்கு வருவோம். நிறுவனத்துக்கு அழைத்துக் கத்துகிறோம் என்று நினைக்கிறோம். கத்தலைக் கேட்பவர் மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஒருவர். கோரிக்கையை மறுக்கும் அதிகாரமோ அனுமதிக்கும் அதிகாரமோ அவரிடம் கிடையாது. திரையில் வருவதைப் படித்துச் சொல்வார், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இதை அறிந்த குடும்பங்கள் ஏராளம். சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு மெடிக்கல் பில்லிங் வேலை நடக்கிறது. ஏஆர் காலர் என்ற பெயரில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இரவு முழுக்க அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களை அழைத்து, இந்த க்ளெய்ம் ஏன் டினை ஆனது என்று கேட்பதே வேலையாக இருக்கிறார்கள். அமெரிக்கர்களைக் கொதிக்கவைக்கும் அந்தச் சொல் இங்கே ஷிஃப்ட் பேச்சில் சாதாரணமாகப் புழங்குகிறது. வங்கி, தொலைத்தொடர்பு, ஆன்லைன் வணிக நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவை மையங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு வசவும் மிரட்டலும் அன்றாடம். சட்டம் காக்க வேண்டியது இவர்களைத்தான்.

அப்படிக் காக்கும் சட்டங்களும் உலகில் இருக்கின்றன. ஸ்காட்லாந்தில் 2021 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சட்டம், கடை ஊழியரை வேலை நேரத்தில் தாக்குவதையும் மிரட்டுவதையும் தனிக் குற்றமாக்கியது. அதிகபட்சம் 12 மாதச் சிறை. அந்தச் சட்டத்தில் பாதுகாக்கப்படுபவர் ஊழியர். கடையை நடத்தும் நிறுவனம் அதில் எங்கேயும் பாதிக்கப்பட்டவராக வருவதில்லை. தென் கொரியா 2018 அக்டோபரில் வேறு வழியில் போனது. வாடிக்கையாளரின் வசவிலிருந்தும் வன்முறையிலிருந்தும் ஊழியரைக் காக்கும் கடமையை முதலாளியின் தலையில் வைத்தது. தேவைப்பட்டால் வேலையை நிறுத்திவைக்க வேண்டும், வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். பாதுகாப்புக் கேட்ட ஊழியரைப் பழிவாங்கினால் முதலாளிக்கே தண்டனை. டோக்கியோ மாநகரம் 2025 ஏப்ரல் முதல் வாடிக்கையாளர் அத்துமீறலைத் தடை செய்யும் விதியை நடைமுறைப்படுத்துகிறது. அதில் தண்டனையே கிடையாது. நம் நாட்டிலும் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2017 மார்ச்சில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் ஏர் இந்தியா ஊழியரைச் செருப்பால் அடித்த விவகாரத்துக்குப் பிறகு, விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அத்துமீறும் பயணிகளை மூன்று நிலைகளாகப் பிரித்தது. வாய்ச்சொல்லோடு நின்றால் 3 மாதம் வரை விமானத்தில் ஏறத் தடை. கை வைத்தால் 6 மாதம் வரை. உயிருக்கு ஆபத்து விளைவித்தால் குறைந்தது 2 ஆண்டு. விமானம் போன்ற ஆபத்தான இடத்திலேயே சொல்லுக்கும் செயலுக்கும் இடையே படிகள் வைக்க முடிந்திருக்கிறது.

இதற்கு எதிராக எழும் வலுவான ஆட்சேபம், எந்த மிரட்டல் நிஜமாகும் என்று யாருக்குத் தெரியும் என்பது. தாம்சனுக்கு முன்பே மிரட்டல்கள் வந்திருந்தன என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார். 2024 நவம்பரில் சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், புற்றுநோய் நோயாளி ஒருவரின் மகன் மருத்துவரைக் கத்தியால் சரமாரியாகக் குத்தினார். மருத்துவர் பிழைத்தது அதிர்ஷ்டம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் உயர் அதிகாரிகளுக்கு 2025 தொடக்கத்தில் பார்சல்களில் தோட்டாக்களும் கொலை மிரட்டலும் அனுப்பியதாக, அந்த நிறுவனத்தின் தகவல்களைத் திருடி வெளியிட்ட ஹேக்கர் உரிமை கொண்டாடியதை ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. க்ளெய்ம் மறுக்கப்பட்ட வாடிக்கையாளர்களுக்காகச் செய்தேன் என்றும், தாம்சன் கொலையைக் காட்டியும் அவர் பேசியிருந்தார். அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நடந்த ஒரு கொலையின் நிழல் சென்னையின் ஓர் அலுவலகம் வரை வந்து விழுந்திருக்கிறது. ஆகவே பயம் வெறும் கற்பனை என்று தள்ள முடியாது.

ஆனால் இந்தச் சம்பவங்களைக் கூர்ந்து பார்த்தால் அவை சொல்வது வேறு. தாம்சனைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்டவர் யுனைடெட் ஹெல்த்கேரின் வாடிக்கையாளரே இல்லை என்று அந்த நிறுவனமே அறிவித்தது. தொலைபேசியில் கத்திய வாடிக்கையாளர்களையெல்லாம் சிறையில் போட்டிருந்தாலும் அந்தக் கொலை நின்றிருக்காது. தோட்டாவைப் பார்சலில் போட்டு, முகவரி தேடி, கூரியரில் அனுப்புபவரின் செயலில் திட்டம் இருக்கிறது, ஆயுதம் இருக்கிறது, குறிப்பிட்ட ஆளும் இருக்கிறார். அவருக்குக் கடும் தண்டனை வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அவரையும், மறுப்பைக் கேட்டு வாய் தவறியவரையும் ஒரே சட்டிக்குள் போட்டால் போலீஸின் கவனம் எங்கே போகும்? கைக்கு எளிதாக அகப்படுபவரிடம்தான் போகும். பெயரும் பாலிசி எண்ணும் சொல்லிவிட்டுத்தானே அவர் பேசியிருக்கிறார்! விசாரிப்பது வேறு, தண்டிப்பது வேறு. மிரட்டல் வந்தால் உடனே வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். ஆயுதம் இருக்கிறதா, முன்பு இப்படிச் செய்தாரா, குறிப்பிட்ட ஆளைத் தேடினாரா என்று ஆராயலாம். ஆபத்தைக் கண்டுபிடிப்பது அந்த ஆராய்ச்சி. 15 ஆண்டு என்ற எண்ணுக்கு அந்தத் திறமை கிடையாது.

கடுமையான தண்டனை இருந்தால்தான் பயப்படுவார்கள் என்ற வாதமும் வரும். குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கடுமையைவிட அது தப்பாமல் கிடைக்கும் என்ற நிச்சயமே என்று 1764-லேயே இத்தாலியின் பெக்காரியா எழுதிவிட்டார். அமெரிக்க நீதித் துறையின் ஆய்வு நிறுவனமும் இன்றைக்கு அதையே சொல்கிறது. அதிலும், ஆத்திரத்தில் கத்துபவர் சட்டப் பிரிவைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கத்துவதில்லை. சரி, அதிகபட்சம் 15 என்று எழுதியிருந்தாலும் யாரும் அவ்வளவு கொடுக்கப்போவதில்லை, நீதிபதி குறைத்துக்கொள்வார் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நீதிமன்ற வாசலை மிதித்தவர்களுக்கு இது எவ்வளவு பொய்யான சமாதானம் என்று தெரியும். தீர்ப்பு வருவதற்குள் கைது, புகைப்படம், ஜாமீன், வேலையிழப்பு என்று தண்டனையின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. தலைக்கு மேல் 15 ஆண்டு தொங்கும்போது, செய்யாத குற்றத்தைக்கூட ஒப்புக்கொண்டு சிறிய தண்டனையை வாங்கிக்கொள்ளும் நிர்ப்பந்தமும் வந்துவிடும். ஜாமீன் என்பது குற்றம்சாட்டப்பட்டவர் விசாரணைக்கு வருவதையும் பொதுப் பாதுகாப்பையும் உறுதிசெய்ய. நாட்டின் மனநிலைக்குப் பதில் சொல்ல அதைப் பயன்படுத்துவது முறையல்ல.

எதிர்ப்பக்கத்திலிருந்து வேறொரு ஆட்சேபம் வரும்; தாம்சன் கொலைக்குப் பிறகு சமூக ஊடகங்களில் அது வெளிப்படையாகவே ஒலித்தது. காகிதத்தில் கையெழுத்துப் போட்டு ஆட்களைச் சாகவிடும் நிறுவனத்துக்குச் சட்டத்தின் காவல் எதற்கு என்பது அது. கோபத்துக்குக் காரணம் உண்டு. அமெரிக்க அரசின் ஹெல்த்கேர்.கவ் சந்தையில் விற்கும் திட்டங்களில், 2023-ல் நிறுவனங்களின் வலைப்பின்னலுக்குள் இருக்கும் மருத்துவமனைகளில் பெற்ற சிகிச்சைக்கான கோரிக்கைகளிலேயே 19 சதவீதம் மறுக்கப்பட்டன என்று கேஎஃப்எஃப் ஆய்வு அமைப்பு கணக்கிட்டது. மறுக்கப்பட்டவற்றில் மேல்முறையீடு செய்யப்பட்டவை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. சட்டமும் இரு தரப்பையும் ஒரே தராசில் நிறுத்தவில்லை. கடன் வசூலிப்பவர் வாடிக்கையாளரை வன்முறை காட்டி மிரட்டுவதை 1977-ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கடன் வசூல் சட்டம் தடை செய்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் கிடைப்பது சிவில் பரிகாரம்தான். உண்மையான இழப்பீட்டுக்கு மேல் ஒருவர் கேட்டுப் பெறக்கூடியது அதிகபட்சம் 1,000 டாலர். பொதுவான மிரட்டல் சட்டங்கள் வசூல்காரருக்கும் பொருந்தும் என்றாலும், தனிச் சட்டம் எழுதும்போது சட்டமன்றங்களின் கை எந்தப் பக்கம் தாராளமாக நீள்கிறது என்பது இதில் தெரிகிறது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், மிரட்டல் குற்றமே இல்லை என்ற முடிவுக்கு வர முடியாது. மிரட்டல் போய்ச் சேருவது கொள்கை வகுத்தவரிடம் இல்லை. இயக்குநர் குழுவுக்கு வாடிக்கையாளரின் அழைப்பு ஒருபோதும் எட்டாது.

நம் ஊருக்கு வந்தால், இந்தியச் சட்டத்தின் படிகள் ஓரளவு நியாயமானவை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 506, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவாக இருக்கிறது. சாதாரண மிரட்டலுக்கு 2 ஆண்டு வரை. கொல்வேன், கொடுங்காயம் விளைவிப்பேன் என்றால் 7 ஆண்டு வரை. கோளாறு சட்டப் புத்தகத்தைவிடக் காவல் நிலையத்தில்தான் அதிகம். தெருச் சண்டை, வரப்புத் தகராறு, பங்காளிச் சச்சரவு என எதுவானாலும் ஆபாசப் பேச்சுக்கான 294(பி)-யோடு 506(2)-ஐயும் சேர்த்து எழுதுவது பழைய சட்டக் காலத்துத் தமிழ்நாட்டு முதல் தகவல் அறிக்கைகளில் பழகிப்போன ஒன்று. பெங்களூரு போக்குவரத்துக் காவல் துறையின் முகநூல் பக்கத்தில் ஓர் ஆய்வாளரின் நடத்தையைப் பற்றிப் புகார் எழுதிய தம்பதி மீதுகூட 506 பாய்ந்தது. 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. அச்சமூட்டும் நோக்கம் இல்லாத வெறும் சொற்கள் குற்ற மிரட்டல் ஆகாது என்பது அதன் தீர்ப்பு. ஒரு புகாரையே மிரட்டலாகப் படிக்கும் கண்கள் இருக்கும் இடத்தில், நிறுவனங்களை மிரட்டினால் கூடுதல் தண்டனை என்று ஒரு தனிப் பிரிவு வந்தால் என்ன ஆகும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. இதற்கு நேர் எதிரான திசையில் தமிழ்நாடு 2025-ல் ஒரு நல்ல காரியம் செய்தது. கடன் கொடுத்த நிறுவனங்கள் வசூலுக்காக வாடிக்கையாளரை மிரட்டி வதைப்பதைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றியது. அதில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. மைக்ரோ ஃபைனான்ஸ் தவணைக்காக வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடும் ஆட்களைப் பார்த்த பெண்களுக்கு அந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்று தெரியும்.

காப்பீட்டில் நம் நிலைமையும் அமைதியானது இல்லை. 2023-24-ல் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்க மறுத்த கோரிக்கைத் தொகை சுமார் 15,100 கோடி ரூபாய். வந்த கோரிக்கைகளின் மொத்த மதிப்பில் கிட்டத்தட்ட 13 சதவீதம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கை, மூன்று பேர் கொண்ட க்ளெய்ம் ஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கோரிக்கையையும் நிராகரிக்கக் கூடாது என்கிறது. அந்தக் குழு உட்கார்ந்து முடிவெடுத்ததா, காரணம் என்ன, எங்கே மேல்முறையீடு செய்வது என்பதைக் கையெழுத்தோடு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால், தொலைபேசியில் நடக்கும் பாதிச் சண்டை நடக்காது. மிச்சப் பாதிக்கு, கொரியா செய்ததுபோல, வசவைக் கேட்ட ஊழியர் அழைப்பைத் துண்டிக்கலாம், அதற்காக அவர் மதிப்பெண்ணில் கை வைக்கக் கூடாது என்று தொழிலாளர் துறை விதி எழுதலாம். அதையும் மீறி வரும் உண்மையான மிரட்டலுக்கு 351 இருக்கிறது; விசாரணை அதிகாரி ஆயுதம், திட்டம், குறிவைத்த ஆள் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு 2 ஆண்டுப் பிரிவா 7 ஆண்டுப் பிரிவா என்று தீர்மானிக்கட்டும். நிறுவனங்களுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ வரும் நாளில், உறுப்பினர்கள் அதை ஏற்கக் கூடாது.